புரியாத வார்த்தைக்குக் கையெழுத்து கிடையாது

என் அன்புச் சுலைகாவுக்கு,

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. இந்த மாதிரிக் கடிதத்தை அழுதுகொண்டேதான் எழுத வேண்டும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். நான் அழப்போவதில்லை. எனக்குக் கோபம் கோபமாக வருகிறது. அதை வேறு யாரிடம் போய்ச் சொல்வது? உன்னிடம்தான் சொல்ல வேண்டும்.

செய்தி இதுதான். போன வாரம் ஆபீஸில், வகுப்பு நிறையப் பெண்கள் உட்கார்ந்திருக்க, நான் எழுந்து நின்று புரோகிராமரைப் பார்த்து, "நீங்க சொல்லுதது பொய் சார்" என்று சொல்லிவிட்டேன். நானா? நானேதான். "பேர மட்டும் பேச்சின்னு வச்சிக்கினு வாயத் தொறக்க மாட்டேன்றியே" என்று தினமும் கிண்டல் செய்வாயே, அதே பேச்சியம்மாள்தான்.

அந்தப் பொய் உன்னைப் பற்றியது. அதனால் முதலிலிருந்து சொல்கிறேன். உனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் இந்தக் கடிதத்தை மற்றவர்களும் படிக்கப்போகிறார்கள், அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

பாண்டி பஜாரில் மாடியில் இருக்கும் அந்த ஆபீஸில் நீயும் நானும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். நீ ராயப்பேட்டையிலிருந்து பஸ்ஸில் வருவாய். நான் ரங்கநாதன் தெருவில் எங்கள் ஜவுளிக்கடைக்கு மேலேயே குடியிருந்ததால் நடந்தே வந்துவிடுவேன். வேலை என்னவென்றால், அட்டையில் ஓட்டை போடுவது. எழுதிக் கொடுத்த தாளைப் பார்த்து நாம் விசைகளைத் தட்டினால் பஞ்ச் மிஷின் அட்டையில் சின்னச் சின்ன ஓட்டைகளாகப் போட்டுத் தள்ளும். அந்த அட்டைகளைத்தான் கம்ப்யூட்டர் படிக்கும்.

கம்ப்யூட்டர் நாம் சேர்ந்த புதிதில்தான் வந்து இறங்கியது. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம், ஏ.சி. அறையில் அதைக் குடி வைத்தார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், தலையில் பூ இருக்கக் கூடாது. இந்தப் பக்கம் நாம் வேர்வையில் குளித்துக்கொண்டிருப்போம். அந்தப் பக்கம் புரோகிராமர்கள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

கதவு திறக்கும்போதெல்லாம் குளிர்காற்றோடு வார்த்தைகளும் வரும். ஹார்டுவேர், சாஃப்ட்வேர், மெமரி, டம்ப், கம்பைலர். "சாஃப்ட்வேர்ல பக் இருக்கு, இந்த டெக்கை மறுபடி பஞ்ச் பண்ணுங்க" என்று புரோகிராமர் ஒரு கட்டு அட்டையைக் கொண்டுவந்து போடுவார். அட்டைக் கட்டுக்குத்தான் டெக் என்று பெயர் என்பதே நமக்கு ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. ஆனாலும் பஞ்ச் அறையில் எல்லோரும் தலையாட்டுவோம். நீ மட்டும் ஆட்ட மாட்டாய்.

"இன்னா சார் சொன்னீங்க? புரியல" என்பாய்.

"அதெல்லாம் உங்களுக்கு எதுக்கும்மா? தாள்ல இருக்கறத அடிங்க, போதும்" என்று சிரித்துவிட்டுப் போவார்.

எனக்கு அவமானமாக இருக்கும். எதற்கு வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொள்கிறாய் என்று கேட்டேன். "புரியலன்னா புரியலன்னுதான சொல்லணும்? எனக்கு இன்னா வெக்கம்? நமக்குப் புரிஞ்சிட்டா கதவத் தள்ளிக்கினு உள்ள வந்துடுவோம்னு அவருக்குத்தான் பயமா கீது" என்றாய்.

மதியம் பனகல் பார்க்கில் டிபன் பாக்ஸைத் திறந்ததும் நம் பாடம் ஆரம்பித்துவிடும். ஒரு நாள் என் சித்தப்பா கதையைச் சொன்னேன். மயிலாப்பூரில் ஆணி, கீல், தாழ்ப்பாள் விற்கும் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறாரே, அவர். "ஏட்டி, ஒங்க ஆபீஸ்ல ஹார்டுவேர் ஹார்டுவேர்ங்காவளே, நம்ம கடையில வாங்கச் சொல்லப்படாதா?" என்று கேட்டிருந்தார். உனக்குப் புரையேறும்வரை சிரித்தாய்.

அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவர் கேட்டதுல இன்னா தப்பு? தாப்பாளும் இரும்பு, அதுவும் இரும்பு. கையால தொட முடிஞ்சா ஹார்டுவேர், அம்புட்டுதான். இந்த சாஃப்ட்வேர்தான் பேஜாரு பேச்சி. நம்ம அட்டைலதான் கீதுன்றாங்க, ஆனா அட்டை சாஃப்ட்வேர் இல்லையாம். அப்ப எங்கதான் கீது?" என்றாய். நம் ஆபீஸில் யாரிடமும் அதற்குப் பதில் இல்லை என்பது பின்னால்தான் தெரிந்தது.

அந்த வருஷம் ஆபீஸில் இருப்பவர்களிலிருந்தே சிலரைப் புரோகிராமர் வேலைக்கு எடுக்கப் பரீட்சை வைக்கிறோம் என்று நோட்டீஸ் போட்டார்கள். பஞ்ச் அறையிலிருந்து பெயர் கொடுத்தவள் நீ ஒருத்திதான். தையல்கடை வைத்திருந்த உன் அத்தா உனக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார். "பரீட்சை முடியட்டும் அத்தா, அப்பறம் பாத்துக்கலாம்" என்று அவரையே நிறுத்தி வைத்தாய். கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு போய் உள்ளே ஒரு நாற்காலியில் உட்கார வேண்டும். உனக்கு இருந்தது அந்த ஒரே ஆசைதான்.

பரீட்சைக்கு முன்னால் ஆயுத பூஜை வந்தது. பஞ்ச் மிஷினுக்கெல்லாம் பொட்டு வைத்து, மாலை போட்டு, பொரியும் சுண்டலும் தயார். மானேஜர் சந்தனக் கிண்ணத்தோடு ஏ.சி. அறைக்குப் போனதும், கம்ப்யூட்டரை ரிப்பேர் பார்க்கும் எஞ்சினியர் குறுக்கே கையை நீட்டிவிட்டார். "சார், ஹார்டுவேர் மேல ஒரு துளி படக் கூடாது. உள்ள போச்சுன்னா நான் பொறுப்பில்ல."

புது மிஷின், முதல் ஆயுத பூஜை, பொட்டு இல்லாமலா? மானேஜர் முகம் விழுந்துவிட்டது. அப்போதுதான் புரோகிராமர் அந்த யோசனையைச் சொன்னார். "ஹார்டுவேர் மேலதானே வைக்கக் கூடாது? சாஃப்ட்வேர் மேல வச்சுடலாமே சார்." எல்லோருக்கும் பரம சந்தோஷம். நீ பஞ்ச் செய்து அடுக்கிய புரோகிராம் டெக் மேஜைமேல் இருந்தது. புதுக் கணக்கு நோட்டின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவுவோமே, அதே மாதிரி மானேஜர் சந்தனத்தை வழித்து அந்தக் கட்டின் நாலு மூலையிலும் நன்றாக அப்பினார்.

"சார், அட்ட ஒட்டிக்கும் சார்" என்றாய் நீ.

"சாமி காரியத்துல குறுக்கே பேசாதேம்மா" என்றார் அவர்.

பூஜையில் வைத்ததை அன்று யாரும் தொடக் கூடாது என்பது உனக்கே தெரியும். உன் அத்தா கடையிலும் வேலை செய்பவர்களுக்காக அன்று கத்தரிக்கோலுக்குப் பொட்டு வைத்து எடுத்து வைத்துவிடுவார்கள் என்று நீதானே சொன்னாய்? அதனால் டெக்கும் அங்கேயே இருந்தது. ஏ.சி. காற்றில் சந்தனம் பாறை மாதிரிக் காய்ந்தது.

மறுநாள் விஜயதசமி. நல்ல நாள் என்று ஒரு பெரிய வாடிக்கையாளரை அழைத்திருந்தார்கள், அவர் கண்முன்னால் கம்ப்யூட்டரை ஓட்டிக் காட்ட. டெக்கை வைத்தார்கள். அட்டை படிக்கும் மிஷின் நாலைந்தைக் கொத்தாக இழுத்து, கரகரவென்று கத்திவிட்டு நின்றுவிட்டது. எஞ்சினியர் மூடியைத் திறந்து கசங்கிய அட்டைகளைப் பிடுங்கிக் கூடையில் போட்டார். அறை முழுக்கச் சந்தன வாசனை.

"ஹார்டுவேர்ல ஒண்ணும் இல்ல. இது சாஃப்ட்வேர் கோளாறு" என்றார் எஞ்சினியர்.

"என் சாஃப்ட்வேர் சரியா இருக்கு. இது ஹார்டுவேர் கோளாறு" என்றார் புரோகிராமர்.

வாடிக்கையாளர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அந்த அறையில் இருந்த அத்தனை பேருக்கும் காரணம் தெரியும். சந்தனம் அப்பியது மானேஜரின் விரல் என்பதால் யாரும் அதைச் சொல்லவில்லை. கடைசியில் மானேஜரும் சேர்ந்து மூன்று பேரும் ஒத்துப்போகிற மாதிரி ஒரு பதில் கிடைத்தது. பஞ்ச் செய்த பெண்ணின் தப்பு.

சாயந்தரம் உன் கையில் மெமோ வந்தது. ஆபரேட்டரின் கவனக்குறைவால் சாஃப்ட்வேரில் பிழை நேர்ந்தது, இனி நேராது என்று எழுதி, கீழே உன் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார்கள். போட்டால் பரீட்சை போய்விடும். போடாவிட்டால் வேலையே போகலாம். நீ அதை எடுத்துக்கொண்டு நேராக மானேஜர் அறைக்குப் போனாய். எஞ்சினியரும் புரோகிராமரும் உள்ளேதான் இருந்தார்கள். நாங்கள் எல்லோரும் வாசலில் நின்று கேட்டோம்.

"சார், இதுல சாஃப்ட்வேர்னு எழுதிக்கீது. அப்டின்னா இன்னா சார்?"

"என்னம்மா இது, இப்போ வந்து பாடம் கேட்டுண்டு?" என்றார் மானேஜர்.

"எனக்குப் புரியாத வார்த்தைக்கு நான் கையெழுத்து போட மாட்டேன் சார். சொல்லுங்க, போட்டுடறேன்."

மானேஜர் தொண்டையைச் செருமிக்கொண்டு, காகிதத்தில் இருப்பதெல்லாம் சாஃப்ட்வேர் என்றார். புரோகிராமருக்குப் பொறுக்கவில்லை. காகிதத்தில் ஒன்றும் இல்லை, எல்லாம் என் மண்டைக்குள் இருக்கிறது என்றார். எஞ்சினியரோ, "எது ரிப்பேர் ஆனா நான் வர வேண்டியதில்லையோ, அதுதாம்மா சாஃப்ட்வேர்" என்றார். பிறகு மூன்று பேரும் ஒருவரோடு ஒருவர் சண்டை போட ஆரம்பித்துவிட்டார்கள்.

"அதுக்குப் பொட்டு வச்சப்ப மட்டும் அது எங்க கீதுன்னு மூணு பேருக்கும் நல்லாத் தெரிஞ்சிச்சே சார்" என்று சொல்லிவிட்டு, மெமோவை மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே வந்தாய். வாசலில் நின்றவர்களுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

நீ ஜெயித்தாய் என்று எழுத எனக்கும் ஆசைதான். வேலை தப்பியது. ஆனால் கையெழுத்து இல்லாத அந்த மெமோ உன் ஃபைலுக்குப் போனது. பரீட்சைப் பட்டியலில் உன் பெயரை அடித்துவிட்டார்கள், அடுத்த முறை பார்க்கலாம் என்றார்கள். எந்த அடுத்த முறை? மறு வருஷம் மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோய்விட்டது. ஆஸ்பத்திரியில் கண்ணெல்லாம் மஞ்சளாகக் கிடந்தபோதும் என்னிடம் என்ன கேட்டாய் தெரியுமா? "கம்பைலர்னா இன்னான்னு கேக்கச் சொன்னேனே, கேட்டியா?" நான் கேட்டிருக்கவில்லை. கேட்க எனக்குத் தைரியம் வந்திருக்கவில்லை.

இப்போது போன வாரத்துக்கு வருகிறேன். பஞ்ச் அறைப் பெண்களுக்குக் கம்ப்யூட்டர் வார்த்தைகள் சொல்லிக்கொடுக்கிறார்களாம். அதே புரோகிராமர்தான் வாத்தியார். ஆபரேட்டர் தப்பு என்றால் என்ன என்று விளக்க ஓர் உதாரணம் சொன்னார். "முன்னாடி இங்க ஒரு பொண்ணு இருந்தா. கவனம் போதாது. அவ பஞ்ச் பண்ண டெக்கால விஜயதசமி அன்னிக்கு மிஷினே நின்னு போச்சு." புதுப் பெண்கள் பயபக்தியோடு தலையாட்டினார்கள்.

சுலைகா, என்னை அறியாமல் எழுந்து நின்றுவிட்டேன்.

"நீங்க சொல்லுதது பொய் சார். அந்தப் பொண்ணு பேரு சுலைகா. அவ பஞ்ச் பண்ணதுல ஒரு தப்பும் இல்ல. டெக் மேல சந்தனம் வைக்கச் சொன்னது நீங்க. வச்சது மானேஜர். ஒட்டிக்கும்னு சொன்னது அவ மட்டுந்தான். இப்ப நீங்களே சொல்லுங்க, சந்தனம் ஹார்டுவேரா, சாஃப்ட்வேரா?"

வகுப்பு கலைந்தது. சாயந்தரம் மன்னிப்புக் கடிதம் ஒன்றை டைப் அடித்துக் கொடுத்தார்கள். கட்டுப்பாட்டை மீறி நடந்துகொண்டதற்கு வருந்துகிறேன் என்று இருந்தது. நான் மானேஜரிடம், "கட்டுப்பாடுன்னா இங்க எது சார்? பொய் சொன்னா கேட்டுக்கிட்டு இருக்கதா? புரியல. புரிஞ்சா கையெழுத்து போடுதேன்" என்றேன். அவருக்கு உன் ஞாபகம் வந்திருக்கும். போ என்று கையை மட்டும் ஆட்டினார்.

மறுநாள் வகுப்புக்குப் போனால் ஒரு வேடிக்கை. புரோகிராமர் கம்பைலர் என்று சொன்னதும் கடைசி வரிசையில் ஒரு கை எழுந்தது. "புரியல சார்." அவர் வேறு நாலு வார்த்தை சொன்னார். இன்னும் இரண்டு கைகள் எழுந்தன. அப்புறம் வரிசை வரிசையாகக் கைகள். ஒருத்தியும் தலையாட்டவில்லை. அந்த ஒரு வார்த்தையைப் புரியவைக்கவே அவருக்கு ஒரு மணி நேரம் முழுசாகப் போனது, ஸ்வெட்டரையே கழற்றிவிட்டார்.

அதனால் இப்போது உனக்குச் சொல்ல முடிகிறது. கேட்டுக்கொள். மனுஷனுக்குப் புரிகிற மாதிரி நாம் எழுதியதை மிஷினுக்குப் புரிகிற மாதிரி மாற்றிக் கொடுக்கிற புரோகிராம்தான் கம்பைலர். இவ்வளவுதான் சுலைகா. இதைத்தான் உனக்குச் சொல்லாமலே அனுப்பிவிட்டார்கள்.

இந்தக் கடிதத்தை நாளைக் காலையில் ஆபீஸ் நோட்டீஸ் போர்டில் ஒட்டப்போகிறேன், பரீட்சை நோட்டீஸுக்குப் பக்கத்தில். ஆமாம், மறுபடியும் பரீட்சை வைக்கிறார்கள், இந்த முறை பெயர் கொடுத்திருப்பவள் நான். என்ன செய்வார்களோ செய்யட்டும். உன் ஃபைலில் இருக்கும் மெமோவில் சந்தனத்தைப் பற்றி எழுதும்வரை இவர்கள் நீட்டும் எந்தக் காகிதத்திலும் என் கையெழுத்து விழாது. அந்தக் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு நான் உள்ளே போய் உட்காருவேன். செருப்பைக் கழற்றிவிடுவேன். பூவையும் எடுத்துவிடுவேன். ஆனால் தலையாட்ட மாட்டேன்.

இதைப் படிப்பவர்களில் யாருக்காவது ஒரு வார்த்தை புரியாவிட்டால் வெட்கப்படாமல் பஞ்ச் அறைக்கு வாருங்கள். ஜன்னல் பக்கம், இரண்டாவது மிஷின். சுலைகா உட்கார்ந்த இடம்.

கூடப் பிறக்காவிட்டாலும்
உனக்கு அக்காவாகவே இருக்கும்,
பேச்சி