ஓசிப் பயணிக்கு ஒரு முகம்

ஜூன் 10, செவ்வாய்

காலையிலிருந்து காற்று. மலை முழுக்க மூட்டம், ஊருக்குள் ஒரு சொட்டு இல்லை. கொடியில் கிடந்த என் சட்டை பக்கத்து வீட்டு மாடியில்.

மதியம் பேண்டேஜ் கம்பெனி ஆபீஸில் பில் போட்டுக்கொண்டிருக்கும்போது திவ்யாவின் மெயில். பள்ளிக் கணினிகளுக்கான இலவச மென்பொருள் தொகுப்பைப் பார்த்துக்கொள்கிறவர். அடுத்த தொகுப்பில் என் கம்ப்யூட்டர் விளையாட்டையும் சேர்க்கிறார்களாம்! ‘உள்ளே போ உள்ளே போ’! சேத்தூரில் கிளம்பி இராஜபாளையம் வழியாக ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் டவுன் பஸ். ஆடுகிறவர்தான் கண்டக்டர். செக்கிங் ஏறுவதற்குள் எல்லாருக்கும் டிக்கெட் கொடுத்தாக வேண்டும், ஓசியில் வருகிறவனைப் பிடித்தாக வேண்டும். எத்தனை சாயங்காலம் இதில் போனது! ஆபீஸ் என்றும் பார்க்காமல் கத்திவிட்டேன். பேண்டேஜ் பெட்டி ஒட்டுகிற அக்காமார் அத்தனை பேரும் திரும்பினார்கள். “என்ன தம்பி, ஷாக் அடிச்சிருச்சா?”

ஒரே ஒரு நிபந்தனை. உள்ளே இருக்கும் ஒவ்வொரு படமும் ஒலியும், யாரும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம் என்ற உரிமத்தில் இருக்க வேண்டும். தொகுப்பைப் பென் டிரைவில் போட்டு விற்கிறவர்களும் உண்டாம். ‘விற்கக் கூடாது’ என்று ஒரு படம் இருந்தால் போதும், மொத்த விளையாட்டும் வெளியே.

புரோகிராம் என்னுடையது. ஹாரன் சத்தம் பஸ் ஸ்டாண்டில் நானே பிடித்தது. சிக்கல் முகங்களில்தான். பயணிகள் அத்தனை பேரையும் வரைந்தது ‘ஜன்னல்சீட்’. நேரில் தெரியாது, மெயில் பழக்கம் மட்டும். காலேஜ் பையனாக இருப்பான் என்று நினைப்பு, ‘தம்பி’ என்றுதான் எழுதுவேன். முதல் மெயிலிலேயே சொல்லியிருக்கிறான்: ‘உங்கள் விளையாட்டில் போட்டுக்கொள்ளுங்கள். யாரும் விற்கக் கூடாது.’

கடைசி நாள் 20, வெள்ளி.

செய்ய:
தம்பிக்கு மெயில்.
ஓசிப் பயணிக்கு முகம் கேட்க. (இன்னும் சாம்பல் கலர் கட்டமாகவே நிற்கிறான்.)
கரண்ட் பில்.
மெர்சிக்கு இருமல் மருந்து.

ஜூன் 11, புதன்

காற்று நிற்கவில்லை. கரண்ட் பில் கட்டியாச்சு. இருமல் மருந்து மறந்தாச்சு, திட்டும் வாங்கியாச்சு.

தம்பிக்கு மெயில் போட்டேன். பதில்: ‘முடியாது.’

சரி, புரியவில்லை போல என்று விலாவாரியாக இன்னொன்று. சுதந்திரம், பகிர்வு, பள்ளிப் பிள்ளைகள், எல்லாம் சேர்த்து இரண்டு பக்கம். எழுதி முடித்ததும் எனக்கே புல்லரித்தது. பதில்: ‘படித்தேன். முடியாது.’

பையனுக்கு எம்புட்டுத் திமிர்!

போகட்டும், நானே வரைகிறேன் என்று உட்கார்ந்தேன். பூக்கூடையோடு ஒரு அம்மா. மெர்சி எட்டிப் பார்த்தாள்.

“ஏங்க, இது கூடையா, மூஞ்சியா?”

மூடி வைத்துவிட்டேன். அந்த முகங்கள் இல்லாவிட்டால் இது வெறும் பஸ். ஒவ்வொருத்தரையும் பார்த்தால் எந்த ஸ்டாப்பில் இறங்குவார் என்றே சொல்லிவிடலாம், அப்படி வரைகிறான் படவா.

ஜூன் 12, வியாழன்

அடேயப்பா. காலையில் தம்பியிடமிருந்து மெயில்: ‘நாளை நாலரைக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டு டீக்கடை. போனில் விளையாட்டைக் கொண்டு வரவும்.’

ஸ்ரீவி.யா! சென்னையில் எங்கோ இருக்கிறான் என்று நினைத்தேனே. ஒரு பஸ் தூரம்! நேரில் பேசினால் ஒத்துக்கொள்வான், நிச்சயம். மெர்சியிடம் சொன்னேன். “பையன்கிட்ட பதவிசா பேசுங்க. வகுப்பு எடுக்காதீங்க.”

ஜூன் 13, வெள்ளி

மேனேஜரிடம் பெர்மிஷன். ஸ்ரீவி. வரைக்கும் நின்றுகொண்டே பயணம். “உள்ள போங்க, உள்ள போங்க. உள்ள எம்புட்டு எடம் கெடக்கு, படியிலயே தொங்குதாக!” நிஜக் கண்டக்டர். கேட்கக் கேட்க சந்தோஷம்.

டீக்கடையில் காலேஜ் பையன்களாகத் தேடினேன். இரண்டு பேரிடம் “ஜன்னல்சீட்டா?” என்று கேட்டேன். ஒருத்தன் “எந்த பஸ்ஸுல?” என்றான். பின்னாலிருந்து ஒரு குரல். “ஜெபராஜு நீருதானா?”

திரும்பினால் காக்கி. ஹெட் கான்ஸ்டபிள். பெண். ஐம்பது வயது இருக்கும். கோர்ட் டூட்டி முடித்து வருகிறார். என் கை தானாகக் கட்டிக்கொண்டது.

“நாந்தான் ஜன்னல்சீட்டு. ஒரு வருசமா என்னையப் போயி தம்பி தம்பினு எழுதுறீரு.”

ஐயோ! சிரிப்பதா, ஓடுவதா? டீ வாங்கிக் கொடுத்தார். வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் தினம் போனில் விரலால் வரைவாராம். அந்த அத்தனை முகமும் விரலால்! ஓசிப் பயணியைப் பற்றிக் கேட்டேன்.

“இப்பத்தான் டவுன் பஸ்ஸுல பொம்பளையாளுகளுக்கு ஃப்ரீயாச்சே. ஓசியில வாறவன் ஆம்பளையாத்தான் இருக்கணும். தோதான மூஞ்சி இன்னும் மாட்டல.”

நல்ல மூடில் இருக்கிறார் என்று மெதுவாக உரிமப் பேச்சை எடுத்தேன். பையிலிருந்து ஒரு பால்கோவா டப்பாவை எடுத்து மேஜையில் வைத்தார். மூடியில் ஒரு கிளி. அம்சமான கிளி.

“இது நான் வரைஞ்சது. பெரியப்பா மகன் கடை. வீட்டு விசேசத்துக்குனு ஆசையா வரைஞ்சு குடுத்தேன். டப்பாவுல ஏறி மெட்ராஸ் வரைக்கும் போயிருச்சு. எம்பேரு எங்கயாச்சும் இருக்கா, பாரும்.”

திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இல்லை.

“சொந்தக்காரன். போயிக் கேட்டா, துட்டுக்கு வந்துட்டாள்னு பேசுவாக. அதான் பொறவு யாருக்குக் குடுத்தாலும் விக்கக் கூடாதுனு சொல்லிப்புடுறது.”

எனக்குக் குதிக்கத் தோன்றியது. “அக்கா, நம்ம உரிமமே அதுக்குத்தான்! யாரும் விக்கலாம், ஆனா வரைஞ்சவுக பேரு போட்டே ஆகணும். மாத்தி வரைஞ்சாலும் போடணும்.”

“அப்படியா? உம்ம கேமத் தொறயும்.”

திறந்தேன். ‘உருவாக்கியவர்கள்’ பக்கத்துக்குப் போனார். சத்தமாக வாசித்தார்.

“புரோகிராம், ஜெபராஜ். ஒலி, ஜெபராஜ். படங்கள், ஜெபராஜ்.”

“அக்கா, அது கம்ப்யூட்டரா எடுக்குற லிஸ்ட்டு. யாரு ஃபைல ஏத்துறாகளோ அவுக பேரு விழும். நீங்க மெயில்ல அனுப்புனீங்க, நான் ஏத்துனேன், அதான்…”

“அப்ப கம்ப்யூட்டர் மேல எஃப்.ஐ.ஆர். போட்டுருவமா?”

டீக்கடைக்காரர் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை.

“அவன் டப்பாவுல யாரு பேரும் இல்ல. நீரு உம்ம பேரையே போட்டுட்டீரு.”

பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டார்.

ஜூன் 14, சனி

லேசான சாரல். ஆபீஸ் அரை நாள்.

வெட்கமாக இருக்கிறது. அந்தப் பக்கத்தை ஒரு தடவை கூட நான் முழுசாக வாசித்ததில்லை. ஆனால் ‘முகம் எல்லாம் சூப்பர் ப்ரோ’ என்று ஊர் உலகமே எழுதியபோது ‘நன்றி, நன்றி’ என்று போட்டிருக்கிறேனே. யாரும் என்னை அதட்டிப் போடச் சொல்லவில்லை. இரண்டு பக்க மெயிலையும் திறந்து பார்த்தேன். சுதந்திரம் பற்றி அம்புட்டு. பெயர் போடுவது பற்றிக் கடைசியில் ஒரு வரி.

சாயங்காலம் முழுக்க அதே வேலை. தானாக வரும் லிஸ்ட்டைத் தூக்கிவிட்டு, முகம் முகமாக வரைந்தவர் பெயர் வருகிற மாதிரி மாற்றினேன். பெயர் இடம் காலி. நேற்று அவர் சட்டை பேட்ஜில் பார்த்தேன், முத்துலட்சுமி. கேட்காமல் போடக் கூடாது. உரிமம் பற்றி ஒரு வார்த்தை இல்லாமல் ஒரே வரி மெயில்: ‘அக்கா, மன்னிச்சிருங்க. எந்தப் பேர் போட?’

மெர்சி வாசித்துவிட்டு, “இப்பத்தான் உருப்படியா ஒரு மெயில் எழுதிருக்கீங்க.”

ஜூன் 16, திங்கள்

பதில் வந்துவிட்டது! ‘முத்துலட்சுமி, ஸ்ரீவில்லிபுத்தூர். ஹெட் கான்ஸ்டபிள் வேண்டாம். சின்ன எழுத்து வேண்டாம்.’

உடனே போட்டேன். விளையாட்டு திறந்ததும் முதல் பக்கத்தில், பஸ்ஸின் போர்டு மாதிரி, பெரிய எழுத்தில். பார்க்கவே ஜோர். படம் எடுத்து அனுப்பினேன். போனே வந்துவிட்டது.

“விக்கிறவனும் இப்படிப் போடணுமோ?”

“ஆமாக்கா, போட்டே ஆகணும்.”

“போடலன்னா?”

“நீங்க கேக்கலாம்.”

“கேக்குறது நமக்குப் பழக்கந்தான். செத்த யோசிச்சுச் சொல்லுதேன்.”

வைத்துவிட்டார். சரி என்று சொல்லவில்லை. முடியாது என்றும் சொல்லவில்லையே!

ஜூன் 18, புதன்

ஒன்றும் வரவில்லை. திவ்யா கேட்டார்: ‘முகங்கள் என்ன ஆச்சு?’ நாளை வரை பொறுக்கச் சொன்னேன். பில்லில் ஒரு பேண்டேஜ் ரோலுக்குப் பதில் நூறு ரோல் அடித்துவிட்டேன். மேனேஜர் முறைப்பு. வராவிட்டாலும் பரவாயில்லை, அவர் படம், அவர் இஷ்டம் என்று மெர்சியிடம் சொன்னேன். சொல்லிவிட்டு அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதரம் போனைப் பார்த்தேன்.

ஜூன் 19, வியாழன்

வந்தாச்சு வந்தாச்சு வந்தாச்சு!

‘நான் வரைந்த எல்லா முகங்களையும் யாரும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கலாம். என் பெயர் இருக்க வேண்டும். பெரியப்பா மகனுக்கும் இதையே சொல்லிவிட்டேன். அடுத்த டப்பாவில் போடுகிறானாம். பார்ப்போம். பி.கு. ஓசிப் பயணி மாட்டிக்கொண்டான். இணைத்துள்ளேன்.’

திவ்யாவுக்கு உடனே அனுப்பினேன். ‘எல்லாம் சரி, தொகுப்பில் சேர்த்தாச்சு’ என்று மதியத்துக்குள் பதில். பெட்டி ஒட்டுகிற அக்காமாருக்கு வடை வாங்கிக் கொடுத்தேன். எதற்கென்று யாரும் கேட்கவில்லை.

வந்த குஷியில் இணைப்பை மறந்தே போனேன். வீட்டில் வைத்துத்தான் திறந்தேன். கடைசி சீட். ஜன்னல் பக்கம் திரும்பித் தூங்குகிற மாதிரி ஒரு பாவலா. கையைக் கட்டிக்கொண்டு, கையில் ஒரு டீ கிளாஸ். கண்ணாடி, மூக்கு, முன்வழுக்கை, எல்லாம் அப்படியே நான்.

ஏற்றினேன். கீழே ‘படம்: முத்துலட்சுமி’ என்று விழுகிறதா என்று இரண்டு தடவை பார்த்தேன். விழுந்தது.

மெர்சியிடம் போனைக் கொடுத்து ஆடச் சொன்னேன். பஸ் சேத்தூரைத் தாண்டவில்லை, நேரே கடைசி சீட்டுக்குப் போனாள்.

“யோவ், எழும்பும். டிக்கெட் எங்க?”