இரண்டாம் தடவை பெண் கேட்டு வந்தார்கள்

18 செப்டம்பர் 2017, திங்கள்

இன்று மீன் ஆலையில் இன்னொருவர் சாப்பாட்டைத் தின்றுவிட்டேன். நம் பிலிப்பைன்ஸ்காரர்கள் எல்லாருமே காலி ஐஸ்கிரீம் டப்பாவில்தான் சோறு கொண்டுவருகிறோம். அலமாரியில் பத்து டப்பா, பத்தும் ஒரே வெனிலா. பாதி தின்ற பிறகுதான் சந்தேகம் வந்தது. என் சமையல் இவ்வளவு ருசியாக இருக்க வாய்ப்பே இல்லையே! அது மனாங் பெலிங்குடையது. என்னைவிட நாலு வயது மூத்தவர்; பிழைக்க வந்த இந்தக் கோடியாக் தீவில் எங்கள் எல்லாருக்கும் மனாங், அதாவது அக்கா. பதிலுக்கு என் டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்த்தார். "இதைத் தின்னுதான் இப்படி வத்திப் போயிட்டே, பானியோ. மகளைச் சீக்கிரம் வரவழைச்சுக்கோ."

எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான்.

மகள் ரொவேனாவை இங்கே கூட்டிக்கொள்ளக் குடியேற்ற அலுவலகத்தில் மனுப் போட்டுப் பதினோரு வருஷம். என் மனைவி செலெஸ்டினாவை இங்கேயே மண்ணில் வைத்து ஏழு வருஷம். அவளைத் தனியே விட்டுவிட்டு நான் ஊர் திரும்பவும் முடியாது.

24 செப்டம்பர், ஞாயிறு

ரொவேனா பேசினாள். அவளுக்காகக் காத்திருக்கும் டெல்ஃபினின் வீட்டார் மறுபடி பெண் கேட்டு வருகிறார்களாம், அடுத்த மாதம் பதினைந்தாம் தேதி. என்ன சொல்லட்டும் என்று கேட்டாள். வரச் சொல் என்றேன். வரச் சொல்வது சுலபம்.

2011-இலும் வந்தார்கள். கோழியும் அரிசிப் பலகாரமும் அவர்களே செய்து எடுத்துவந்து, என் மைத்துனன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, எனக்குப் போட்ட நாற்காலியில் போனைச் சாய்த்து வைத்து, முறையாகக் கேட்டார்கள். நான் போனுக்குள்ளிருந்தபடி, "இன்னும் ஒரு வருஷம், மிஞ்சினால் ரெண்டு" என்றேன். மணமாகாத மகள் என்றுதான் மனு. மோதிரம் மாற்றிய அன்றே அது செத்துவிடும். சட்டம் அப்படி.

சட்டம் மட்டும்தானா? செலெஸ்டினா போய் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. துணைக்கு எனக்கு யாராவது இங்கே வேண்டியிருந்தது. பழியைக் காகிதத்தின் மேல் போட்டேன்.

ரொவேனா "சரிப்பா" என்றாள், அவ்வளவுதான். கல்யாணக் கவுனைத் தைத்தே முடித்திருந்தாள் என்பது, மூன்று வருஷம் கழித்து மைத்துனன் வாய்தவறிச் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அதைச் சித்தி மகளுக்குக் கொடுத்துவிட்டாளாம். இப்போது ரொவேனாவுக்கு முப்பத்துநாலு.

27 செப்டம்பர்

மழை. மீன் வரத்து அதிகம். இரண்டு விரல் மரத்துக் கிடக்கிறது, எழுத வரவில்லை.

3 அக்டோபர், செவ்வாய்

வந்துவிட்டது!

அகராதியை வைத்துக்கொண்டு கடிதத்தை நாலு தடவை படித்தேன். விசா வரிசையில் ரொவேனாவின் முறை வந்துவிட்டது. படிவம், மருத்துவப் பரிசோதனை, நேர்காணல் எல்லாம் முடிந்தால் அடுத்த கோடையில் இங்கே இருப்பாள். அவளுக்கென்று ஒதுக்கி வைத்த அறைக்குப் போய் மெத்தையில் உட்கார்ந்தேன். அது புதுசாகவே இருக்கட்டும் என்று ஆறு வருஷமாக நான் சோபாவில்தான் படுக்கிறேன். பிளாஸ்டிக் உறையைக்கூட நான் பிரிக்கவில்லை; அதுவாகவே நைந்து கிழிந்துவிட்டது. எழுந்து கொஞ்சம் ஆடினேன். அறுபத்திரண்டு வயதில், காலுறையோடு. வழுக்கி விழாதது புண்ணியம்.

அப்புறம்தான் நாட்காட்டி கண்ணில் பட்டது. பதினைந்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள்.

4 அக்டோபர்

கடிதத்தை மனாங்கிடம் மட்டும் காட்டினேன்.

"யோசிக்க என்ன இருக்கு? அவ வாழ்க்கை. அவகிட்டச் சொல்லு."

"சொன்னா வந்துடுவா, மனாங்."

"அதுக்குத்தானே பதினோரு வருஷம் தவம் கிடந்தே?"

"சரிப்பான்னு சொல்லிட்டு வந்துடுவா."

மனாங் கையுறையை மாட்டிக்கொண்டு மீன் வெட்டப் போய்விட்டார்.

8 அக்டோபர், ஞாயிறு

சொல்லிவிடுவது என்றுதான் போன் போட்டேன். எடுத்த மைத்துனன் மனைவி, ரொவேனா கொல்லையில் இருக்கிறாள் என்று போனை மேசையில் வைத்துவிட்டுப் போனாள். அடுப்பு வேலையில் மறந்துவிட்டாள் போலிருக்கிறது. எனக்குக் கூரை மட்டும் தெரிந்தது. அதன் மேல் சுத்தியல் சத்தம். டெல்ஃபின் ஒழுகும் தகரத்தை அடைத்துக்கொண்டிருந்தான். கீழே என் மகள்.

"அங்க இல்ல, இன்னும் இடது பக்கம். கண்ணு தெரியலையா கிழவா?"

"தெரியுது கிழவி. நீ ஏணியை ஆட்டாம இரு."

அவள் சிரித்தாள். மூச்சு வாங்கச் சிரித்தாள். பத்தொன்பது வருஷமாக ஞாயிறு தவறாமல் பேசுகிறோம். உடம்பு எப்படி, மழை உண்டா, நான் அனுப்பிய பெட்டி வந்து சேர்ந்ததா. என்னிடம் பேசும்போது இந்தச் சிரிப்பு ஒரு தடவைகூட வந்ததில்லை.

கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, சத்தமில்லாமல் துண்டித்தேன். மகளை ஒட்டுக்கேட்ட அப்பன்.

11 அக்டோபர்

என்னடா செய்யப் போறே, பானியோ?

மறைக்கிறது தப்புதானே. தப்புதான். அன்னிக்கிச் சொல்லிக் கெடுத்தேன், இன்னிக்கிச் சொல்லாமக் கெடுக்கிறேனா? ஒண்ணும் புரியலை. செலெஸ்டினா, நீ இருந்திருந்தா கேட்டிருப்பேன். நீ திட்டியிருப்பே, எனக்கும் தெளிஞ்சிருக்கும்.

14 அக்டோபர், சனி

இங்கே சாயங்காலம், அங்கே ஞாயிறு காலை. இருந்ததில் நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

மாப்பிள்ளை வீட்டில் பேசவேண்டியவராக டெல்ஃபினின் அப்பா இசிடோரோ ஒருவர்தான். தொப்பியை முழங்கால் மேல் வைத்திருந்தார். வயல், மழை, பன்றி எப்படி வெந்தது என்று பேச்சு சுற்றி வந்தது. பிறகு தொண்டையைச் செருமினார்.

"போன தடவை கேக்கறப்ப என் சம்சாரம் பக்கத்துல இருந்தா. இப்ப நான் ஒருத்தன்தான். உங்க மகளை எங்க மகனுக்குக் கேக்கறோம். காத்திருங்கன்னா காத்திருக்கோம். ஆனா எனக்கும் வயசாச்சு."

ரொவேனா போனருகே குனிந்தாள். திரை முழுக்க அவள் முகம்.

"அப்பா, காகிதம் ஏதாவது வந்துச்சா?"

அந்தக் குரலில் இருந்தது ஆசையா, பயமா? பத்தொன்பது வருஷம் போனிலேயே கேட்ட குரல், எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

"வந்தாச் சொல்லமாட்டேனாம்மா?" என்றேன். இசிடோரோவைப் பார்த்து, "கூட்டிட்டுப் போங்க, சம்பந்தி. நல்லாத் திட்டுவா, உங்க பையனைக் காதை மட்டும் பத்திரமா வச்சுக்கச் சொல்லுங்க" என்றேன்.

கூடமே சிரித்தது. ரொவேனா அழுதாள். சாப்பாட்டுத் தட்டுகளை ஒவ்வொன்றாகப் போனுக்குக் காட்டினார்கள். நான் என்ன சாப்பிட்டேன் என்று கேட்டார்கள். மீன் என்றேன்.

பேசி முடிக்கும்வரை கடிதம் சட்டைப் பையில்தான் இருந்தது. "உன் முறை வந்துடுச்சும்மா, நீ வா." எல்லாம் பேசினேன், இதை மட்டும் சொல்லவில்லை.