ஆந்தைக்குப் பிளாஸ்டர்

மார்ச் 4, செவ்வாய்

விடியலிலிருந்து மழை. துணி காயவில்லை. பிரஷர் மாத்திரை போட்டாயிற்று.

காக்கை இன்றும் வரவில்லை. ஐந்தாம் நாள். சமையலறைச் சன்னல் திட்டில் வைத்த சோறு அப்படியே. வெள்ளிக்கிழமை இவருடைய திவசம். காக்கை எடுக்காமல் ஒருவரும் இலையில் உட்கார முடியாது.

நாத்தனார் செல்லம் வந்தாள். திட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். 'ஐயோ' என்பதற்கு அவளுக்கு எப்போதும் சிங்கள 'அனே'தான்.

"அனே அண்ணி, அண்ணன் கோவமா இருக்காரு. அவரு சைக்கிளத் தூக்கிக் குடுத்துட்டீங்கல்ல?"

துருப்பிடித்த சைக்கிள். ஆனாலும் குத்தியது.

மார்ச் 5, புதன்

ஐந்து நாளுக்கு முன் என்ன மாறியது? இரத்தினபுரியில் புது மூக்குக்கண்ணாடி. கடையில் கொடுத்த ஆந்தைப் படம். சன்னலுக்கு நேரே, உள்சுவரில் மாட்டினேன்.

கான்வென்ட் விஞ்ஞான வகுப்பு: ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்று.

8.00: ஆந்தை முழுசாக. காக்கை மாமரத்தில். வரவில்லை.
9.00: உடம்பைப் பேப்பரால் மறைத்தேன். வரவில்லை.
10.15: உடம்பு தெரிய, கண்ணில் மட்டும் பிளாஸ்டர். வந்தது! மூன்று காக்கை! சோறு காலி.

அலகு, இறகு, நகம் எல்லாம் தெரிகிறது. பயமில்லை. கண் இரண்டும் தெரிந்தால்தான் அதற்கு ஆந்தை.

எழுபத்தாறு வயதில் சமையலறையில் கைதட்டினேன். நல்ல வேளை, ஒருவரும் பார்க்கவில்லை.

மார்ச் 6, வியாழன்

செல்லத்திடம் சொன்னேன்.

"படத்துக்குப் போயி காக்கா பயப்படுமா? படிச்சவங்க, எதையாச்சும் சொல்லுவீங்க."

பிளாஸ்டரை உரித்தேன், பறந்தது. ஒட்டினேன், வந்தது. மறுபடி உரித்தேன்.

"போதும் அண்ணி, பாவம் அது! நாளைக்கு வரட்டும், பாப்போம்."

வாங்க: எள், உளுந்து, வாழை இலை (கிழியாதது).

மார்ச் 7, வெள்ளி

நல்ல வெயில். ஆந்தையைக் கழற்றி அலமாரிக்குள் வைத்துவிட்டேன். திட்டில் சோறு, வடை, இவருக்குப் பிடித்த பலாக்காய்க் கறி. மகனும் மருமகளும் செல்லமும் பசியோடு. மணி 12.40. காக்கை மாமரத்தை விட்டு இறங்கவில்லை. சன்னலருகே நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணி, அந்தப் புதுக் கண்ணாடியோட நீங்கதான் இப்ப ஆந்த."

கோபம் வரவேண்டியது. சிரிப்பு வந்தது. இவரும் அப்படித்தான். நான் முறைத்தால் சாப்பிட வரமாட்டார், கிணற்றடியிலேயே நிற்பார்.

கண்ணாடியைக் கழற்றினேன். முதுகைக் காட்டி நின்றேன்.

சிறகடிப்பு. செல்லம் மெதுவாக:

"வடையத்தான் மொதல்ல எடுத்தாரு, அண்ணி."