ஒன்பது முப்பத்திரண்டுக்கு உன் பெயர்

இன்று அலுவலகத்தில் ஒரு படிவம் கொடுத்தார்கள். சர்வருக்குள் நுழையும் அனுமதி யார் யாரிடமிருந்து நீக்கப்பட்டது, என்ன காரணம் என்று எழுத வேண்டும். வேலையை விட்டவர்களை மளமளவென்று எழுதினேன். உன் பெயருக்கு நேரே வந்ததும் பேனா நின்றுவிட்டது. அந்தச் சின்னக் கட்டத்துக்குள் அடங்காததை உனக்கே எழுதுகிறேன்.

பீளமேட்டு அலுவலகத்தில் நீயும் நானும் ஒரே நாளில் சேர்ந்தோம். ரத்தப் பரிசோதனைக் கூடங்களுக்கான இணையதளத்தை இருவரும்தான் கட்டினோம். எனக்கு அது ஓடினால் போதும். உனக்கு அது பூட்டியிருக்க வேண்டும். ஏதாவது ஓடவில்லை என்றால், யார் வேண்டுமானாலும் படிக்கலாம், எழுதலாம் என்று கோப்புறைக்கு 777 போட்டுத் திறந்துவிடுவேன். நீ பின்னாலேயே வந்து சரிசெய்வாய். "ஏம்புள்ள, இதுக்குள்ள ஊர்ப்பட்ட பேரோட நோவு கெடக்குது. தெருவுல பரப்பிப் போட்டுட்டுப் போறியே" என்பாய்.

உனக்கே நோய் வந்தது. பெரியநாயக்கன்பாளையத்தில் அப்பா வீட்டிலிருந்து வேலை பார்த்தாய். பிறகு மருத்துவமனை. மின்மயானத்தில் அந்த இரும்புக் கதவு இறங்கும்வரை நான் நின்றிருந்தேன்.

நீ போன அன்றே சர்வரில் உன் சாவியை நான் அழித்திருக்க வேண்டும். சாவி என்றால் ஒரு சின்னக் கோப்பு. அது இருக்கும் கணினியிலிருந்து கடவுச்சொல் இல்லாமலே உள்ளே வரலாம். என் பொறுப்புதான். கை வரவில்லை.

மூன்றாவது வாரம் தளத்தின் புதிய பதிப்பை ஏற்றினேன். அறிக்கைகள் ஏறவில்லை, பரிசோதனைக் கூடங்களிலிருந்து போன்மேல் போன். பதற்றத்தில் 777 போட்டேன். ஓடியது. மூட மறந்து வீட்டுக்குப் போய்விட்டேன். மறுநாள் பதினொரு மணிக்குத்தான் நினைவு வந்தது. பதறிப்போய்ப் பார்த்தால், கோப்புறை மூடியிருந்தது. கோப்புறை யாருடையது என்ற உரிமையை மாற்றி, தளம் ஓடத் தேவையான அளவுக்கு மட்டும் வழி விட்டு, நீ செய்வதைப் போலவே. அறிக்கைகளும் தடையில்லாமல் ஏறிக்கொண்டிருந்தன.

யார் என்று பார்க்க, சர்வருக்குள் வந்துபோனவர்களின் பதிவேட்டைத் திறந்தேன். காலை ஒன்பது முப்பத்திரண்டு. உன் பெயர்.

பதிவேட்டைப் பின்னோக்கி நகர்த்தினேன். முந்தின நாளும் ஒன்பது முப்பத்திரண்டு. அதற்கு முந்தின நாளும். உன்னை எரித்த மறுநாள் காலையிலும்.

சாவியை யாரோ திருடிவிட்டார்கள் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் திருட வந்தவன் எதற்குக் கதவைச் சாத்திவிட்டுப் போகிறான்? யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் காலை வெறும் கோப்புறை ஒன்றை உருவாக்கி, அதற்கு 777 போட்டுவிட்டுத் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்தேன். அலுவலகம் நிறைய ஆட்கள், பேச்சுச் சத்தம், டீ மணம். ஒன்பது முப்பத்திரண்டுக்கு உன் பெயர் உள்ளே வந்தது. நான் விசைப்பலகையைத் தொடவில்லை. என் கண்ணெதிரே அந்தக் கோப்புறை மூடிக்கொண்டது. உன் பெயர் வெளியே போனது. "நீயாடி?" என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன், பக்கத்து மேஜைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

எங்கிருந்து வந்தது என்று தேடினேன். உன் வீட்டு இணைய இணைப்பு. பெரியநாயக்கன்பாளையம் வழியாகப் போகும் மேட்டுப்பாளையம் பஸ்ஸில் ஏறினேன்.

உன் அப்பாதான் கதவைத் திறந்தார். உன் அறையில் லேப்டாப் திறந்திருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு, மேலே ஃபேனும் ஓடவிட்டிருந்தார். அந்த நாற்காலிக்குப் பின்னாலேயே நின்றுகொண்டேன்.

"ஆசுபத்திரியில பாப்பா சொல்லுச்சு கண்ணு" என்றார். "தெனமும் ஒம்பதரைக்கு இதைத் தொறந்து, எழுதிக் குடுத்த எழுத்தெல்லாம் அடிச்சு வெச்சுப்போடுங்கப்பா, மிச்சத்தை அதே பாத்துக்கும். அவ அவசரக்காரி, எதையாச்சும் தொறந்து போட்டுட்டுப் போயிருவான்னு. எத்தனை நாளைக்குன்னு சொல்லாமயே போயிருச்சு."

யாருக்கும் கடவுச்சொல் சொல்லாதவள் நீ. உன் கையெழுத்தில் அது மேஜைமேல் இருந்தது. கணினியைத் திறந்த இரண்டாவது நிமிடம் சர்வருக்குள் போய், திறந்து கிடப்பதையெல்லாம் மூடிவிட்டு வரும்படி ஒரு நிரலை எழுதி வைத்திருந்தாய்.

"வேலை முடிஞ்சுதுங்களா கண்ணு? நிறுத்திப்போடட்டுமா?"

அவர் முகத்தைப் பார்த்து ஆமாம் என்று சொல்ல முடியவில்லை. "இன்னுங் கொஞ்ச நாளைக்கு இருக்கட்டுங்கப்பா" என்றேன்.

திரும்பி வந்து உன் சாவியை அழித்தேன். அந்தத் தளத்தில் இருப்பது மற்றவர்களின் நோவு. நீயாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பாய். அன்றிலிருந்து காலையில் வந்ததும் ஒவ்வொரு கோப்புறையின் அனுமதியையும் நானே பார்க்கிறேன். உன் பெயரும் தினமும் ஒன்பது முப்பத்திரண்டுக்கு வந்து தட்டுகிறது. அனுமதி மறுக்கப்பட்டது என்று ஒரு வரி விழுகிறது. உன் வீட்டு இணைய முகவரியையே தடுத்துவிடலாம் என்கிறார்கள் அலுவலகத்தில். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

போன மாதம் ஒரு நாள் அந்த வரி விழவில்லை. பத்து மணிவரை பார்த்துவிட்டு அப்பாவை அழைத்தேன். "காச்சலுங் கண்ணு. எந்திரிக்கவே முடியல" என்றார். போய் டாக்டரிடம் கூட்டிப்போனேன். கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டு, சாயங்காலம்வரை பக்கத்திலேயே இருந்தேன்.

மறுநாள் ஒன்பது நாற்பதுக்கு உன் பெயர் வந்தது. எட்டு நிமிடம் தாமதம். காய்ச்சல் இன்னும் முழுதாக விடவில்லை போல.