கொலுப்படியில் ஒரு டாங்கி

செறளாயி, மட்டாஞ்சேரி
நவம்பர் 9

சிரஞ்சீவி மாதுரிக்கு,

ஐந்து மாதம் வாயை மூடிக்கொண்டு இருந்தாயிற்று, இனி முடியாது. நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், ஹாலிபாக்ஸ் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டும் என்றுதான் தினமும் நினைக்கிறேன். பேசாமல் இருந்தால் நினைக்கவில்லை என்று அர்த்தமில்லை. போனில் சொன்னால் நீ நடுவில் பேசுவாய், அதனால் கடிதம். உனக்குத் தமிழைவிட மலையாளம்தான் வேகமாகப் படிக்க வரும், தெரியும். மெதுவாகவே படி.

ஜூனில் நீ அனுப்பிய பெட்டியைப் பற்றித்தான். ஒரு மனிதன் இருபத்தாறு வருடம் ஏலூர் தொழிற்சாலைக்குப் பஸ்ஸில் போய்வந்து, தன்னிடம் வேலை கற்றவனுக்குக் கீழேயே கடைசியில் வேலை பார்த்து, போதும் என்று எழுதிக்கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்தால், பெற்ற பெண் அவனுக்கு ஒரு சால்வை அனுப்பலாம், நல்ல பேனா அனுப்பலாம். நீ பிளாஸ்டிக் டாங்கி அனுப்பினாய். கூடவே ஒரு சீட்டு, அப்பா, சண்டை போட உங்களுக்கு யாராவது வேண்டுமே, இனி இதோடு போடுங்கள் என்று. அந்தச் சீட்டைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். அதே வாரம் அம்மாவிடம், டிசம்பரில் வரும்போது நம் வீட்டில் தங்கப்போவதில்லை, போர்ட்டு கொச்சியில் ஹோம்ஸ்டே பார்த்தாயிற்று, அப்பாவோடு இரண்டு நாளுக்கு மேல் முடியாது என்று சொன்னாய். அம்மா ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். நான் அடுத்த அறையில் இருந்தேன்.

திருப்பி அனுப்பிவிடலாம் என்றுதான் பெட்டியைத் திறந்தேன், உள்ளே எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமே. முன்னூறு துண்டுகள். நம் ராணுவத்திலும் ஓடுகிற ரஷ்ய வண்டி, நிஜத்தில் முப்பத்தைந்தில் ஒரு பங்கு. எண்ணிப் பார்த்தவன் இரண்டை ஒட்டியும் பார்த்தேன், ஒட்டியதைத் திருப்பி அனுப்புவது மரியாதையில்லை. உன் அறை ஜன்னலோர மேஜையை எடுத்துக்கொண்டேன், நீதான் வரப்போவதில்லையே. மழையில் ஒவ்வொரு பூச்சும் காய மூன்று நாள் ஆயிற்று. சேற்றில் மாட்டினால் சக்கரத்துக்கு அடியில் கொடுக்க டாங்கியின் பின்னால் ஒரு மரக்கட்டை கட்டியிருப்பார்கள், பெட்டியில் வந்த கட்டை பென்சில் மாதிரி இருந்தது. அதை எறிந்துவிட்டு அடுக்களையிலிருந்து ஒரு பட்டைச் சுருளை எடுத்து வெட்டிக் கட்டினேன், அசல் மரம் தோற்றுவிடும். ஆன்டெனாவுக்கு ஈர்க்குச்சி. டிஷ்யூ பேப்பரைப் பசையில் நனைத்துச் சுருட்டி, டிக்காஷனில் சாயமேற்றித் தார்ப்பாய் செய்தேன். பிறகு செம்பருத்திக்கு அடியிலிருந்து மண் எடுத்துச் சலித்து, பெயின்டில் குழைத்து, மூன்று வாரம் உட்கார்ந்து சேறு பூசினேன். போர்க்களத்திலிருந்து நேராக வந்தது போல் இருந்தது.

இன்னொரு மாற்றமும் செய்தேன், அதைச் சொல்லாமல் விடுவது சரியல்ல. பீரங்கி இருக்கும் மேல்பகுதி சுழல வேண்டும், ஒட்டாதே என்று தாளில் படம் போட்டு எழுதியிருந்தது. நான் ஒட்டினேன். பீரங்கியை நேராக நீட்டி, நன்றாகத் தாழ்த்தி, அசையாதபடி ஒட்டி, வண்டியைப் பரீத் வீட்டு அடுக்களை ஜன்னலைப் பார்க்க வைத்தேன். பக்கத்து வீட்டுப் பரீத்தை உனக்குத் தெரியும். ஆறு வருடத்துக்கு முன் மதிலுக்கு வெள்ளையடித்து, பாதியை என் ஸ்கூட்டருக்கு அடித்துவிட்டு, இப்போதுதான் சாமி வண்டி கொள்ளாம், பார்க்க நல்லாயிருக்கு என்று சொன்னவன். அன்றிலிருந்து பேச்சில்லை.

நவராத்திரி வந்தது. வருடம் ஒரு புதுப் பொம்மை வைக்க வேண்டும், அம்மா கடைக்குக் கிளம்பினாள். எதற்குக் கடை, நான் செய்தது இருக்கிறதே என்று கொடுத்தேன். கொடுத்தது என் தவறு. குளித்துவிட்டு வந்து பார்த்தால் டாங்கி மூன்றாம் படியில், தசாவதாரத்துக்கும் செட்டியார் கடைக்கும் நடுவில், பளபளவென்று நிற்கிறது. ஒரே அழுக்கு, அப்படியே கொலுவில வைக்கப்படாதுன்னா, பழைய பிரஷ்ஷும் சோப்பும் போட்டுத் தேய்ச்சேன், அரை மணி ஆச்சு போறதுக்கு என்று அம்மா பெருமையாகச் சொன்னாள். மூன்று வாரச் சேறு. நான் ஒன்றும் சொல்லவில்லை, சொன்னதைக் கடிதத்தில் எழுத முடியாது.

ஆயுத பூஜை அன்று ஸ்கூட்டருக்குச் சந்தனம் குங்குமம் வைத்து எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றி முடித்ததும், இதுவும் வண்டிதானே என்று அம்மா டாங்கியைக் கொண்டுவந்து தரையில் வைத்தாள். அது பிளாஸ்டிக் என்றேன். வண்டின்னா வண்டிதான் என்றாள். அவள் தள்ளினால் உடைத்துவிடுவாள் என்று நானே உள்ளதில் சின்னப் பழமாகப் பார்த்து வைத்துத் தள்ளினேன். பழத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒவ்வொரு கண்ணியாக ஒட்டிய சங்கிலி அறுந்து கூடம் முழுக்கச் சிதறியது. சுண்டலுக்கு வந்திருந்த பரீத்தின் மனைவி பத்ருன்னிசா கையை வாயில் வைத்துக்கொண்டாள். அவளுக்குப் பின்னால் குடையோடு வாசலில் நின்ற பரீத், அனுமதி கேட்காமல் உள்ளே வந்து மண்டியிட்டுக் கண்ணிகளைப் பொறுக்கினான். பாலைவனத்துல எங்களுக்கு எலுமிச்சம்பழம் இல்லாமலே அறும் சாமி என்றான். அவன் ராணுவத்தில் இருந்தது தெரியும், சமையல் வேலையாக இருக்கும் என்று வைத்திருந்தேன். ஒன்பது வருடம் இதே வண்டியை ஓட்டியவனாம்.

பிறகு டாங்கியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தவன், எல்லாம் சரி சாமி, பீரங்கிய இப்படித் தாழ்த்தி வச்சா முன்னாடி உக்காந்திருக்கிற டிரைவர் மூடியத் திறந்து எப்படி வெளிய வருவான் என்று கேட்டான். வர வேண்டாம் என்றேன். அவன் சிரிக்கவில்லை. அந்த மூடிக்கு அடியில உக்காந்து பார்த்தவனுக்குத்தான் தெரியும் என்று மட்டும் சொல்லிவிட்டு, கண்ணிகளை என் உள்ளங்கையில் கொட்டினான்.

மூன்று சாயங்காலம் உன் அறையில் உட்கார்ந்து சங்கிலியைக் கோத்தோம். பிளேடால் பசையை அறுத்து எடுத்தோம், பீரங்கி உயர்ந்தது, மேல்பகுதி சுற்றுகிறது, டிரைவர் மூடி திறந்திருக்கிறது. சாமி யாரைக் குறி வச்சீங்க என்று கேட்டான். சொன்னேன். அடுக்களையில அவதான இருப்பா, என்னைன்னா நான் உக்கார்ற வாசல் திண்டு பக்கம் வச்சிருக்கணும் என்றான். ஸ்கூட்டர் விஷயத்தில் அவன் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை, அதை மறந்துவிட்டேன் என்று நினைக்காதே.

போன தடவை மாப்பிள்ளை உப்புமாவில் தக்காளி சாஸ் ஊற்றியதற்கு நான் பேசிய பேச்சுதான் ஹோம்ஸ்டே வரை போயிருக்கிறது என்று அம்மா சொல்கிறாள். இருக்கலாம். ஒரு பாட்டில் வாங்கி வைத்திருக்கிறேன், பெரிய பாட்டில். ஊற்றிக்கொள்ளட்டும், நான் அப்போது பேப்பர் படிப்பேன். மேஜையைக் கூடத்துக்கு மாற்றியாயிற்று, உன் கட்டில் காலியாக இருக்கிறது, பெயின்ட் வாசனை போக ஜன்னலைத் திறந்தே வைத்திருக்கிறேன். டாங்கி தெருவைப் பார்த்து நிற்கிறது.

இருவரும் தீர்க்காயுசாக, ஒருவருக்கொருவர் துணையாக இருங்கள். அங்கே கடையில் கிடைத்தால் அந்த அளவில் ஒரு டிரைவர் பொம்மை வாங்கி வா, தலையும் தோளும் போதும், பெட்டியில் அது இல்லை. மீசை வைத்தது வேண்டும் என்று பரீத் சொல்லியனுப்பினான்.

இதில் கையெழுத்துப் போடப் போவதில்லை. இப்படியே ஒட்டித் தபாலில் போடுகிறேன். வீட்டுக்கு வந்தாயானால் எழுதியது யாரென்று உனக்குத் தெரியும். ஹோம்ஸ்டேதான் என்றால், நான் எழுதவே இல்லை.