ரிக்மோரின் வாக்கு

ஹோல்மவிக் துறைமுகம், டென்மார்க்
நவம்பர் 9, ஞாயிறு

அன்பு மகள் லெர்க்கெவுக்கு,

அப்பா எழுதுவது. நான் நன்றாகத்தான் இருக்கிறேன். முழங்கால் மட்டும் மழை வருவதை ஒரு நாள் முன்னதாகவே சொல்லிவிடுகிறது. வெலிங்டனில் நீயும் குழந்தைகளும் சுகமாக இருக்க வேண்டும். வாரா வாரம் திரையில் பார்த்துக்கொள்கிறோமே, பிறகு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். திரைக்கு முன்னால் உட்கார்ந்தால் எனக்கு வானிலையைத் தவிர வேறு பேச்சு வருவதில்லை. நீயும் இடையிடையே கடிகாரத்தைப் பார்க்கிறாய். குறையாகச் சொல்லவில்லை, உனக்கு அங்கே காலைநேர அவசரம்.

வருகிற பதினெட்டாம் தேதி இங்கே நகராட்சித் தேர்தல். ஒரு விளக்குக் கம்பம் பாக்கியில்லை, எல்லாவற்றிலும் வேட்பாளர்களின் சிரித்த முகங்கள். நம் வாசலுக்கு எதிர்க் கம்பத்தில் மேலே போடில், கீழே ட்ரோல்ஸ். காற்றடித்தால் இரண்டு அட்டைகளும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்கின்றன. பேச்சுத் துணைக்கு அந்தச் சத்தமாவது இருக்கிறதே என்று விட்டுவிட்டேன்.

அம்மா வேட்பாளர்களுக்கு மதிப்பெண் போடுவாளே, உனக்கு நினைவிருக்கும். உள்ளூர்ப் பத்திரிகையில் வரும் கேள்வி பதிலை வெட்டி, சமையலறை மேசையில் பரப்பி, சிவப்புப் பென்சிலோடு உட்கார்ந்துவிடுவாள். அவள் பாடம் நடத்திய காலத்துப் பள்ளிக்கூட முறைப்படி பதின்மூன்றுக்கு. பதின்மூன்று ஒருவருக்கும் கிடைத்ததில்லை. இந்த முறை நானே வெட்டி, நானே போட்டேன். பருவநிலைக்கு ட்ரோல்ஸுக்குப் பதினொன்று, போடிலுக்கு ஐந்து. முதியோர், பிள்ளைகள், நோயாளிகள் விஷயத்தில் போடிலுக்கு ஒன்பது, ட்ரோல்ஸுக்கு மூன்று. கூட்டினால் இரண்டு பேருக்கும் பதினான்கு! அம்மாவாக இருந்தால் கூட்டவே விட்டிருக்க மாட்டாள். கணக்கில் வாங்கியதையும் மொழிப்பாடத்தில் வாங்கியதையும் கூட்டி ஒரு பிள்ளையை எடை போடக் கூடாது என்பாள்.

விஷயம் இதுதான். ட்ரோல்ஸ் வந்தால் துறைமுகத் தெரு நெடுக வெள்ளத் தடுப்புச் சுவர் கட்டுவார். இரண்டு வருடம் முன்பு அக்டோபர்ப் புயலில் நம் நிலவறையில் இடுப்பளவு தண்ணீர் நின்றதை உனக்குப் படம் அனுப்பியிருந்தேன். சுவர் வந்தால் வீடு பிழைக்கும். ஆனால் செலவைச் சமாளிக்க இங்குள்ள முதியோர் இல்லத்தை மூடி, எல்லாரையும் நாற்பது கிலோமீட்டர் தள்ளி நகரத்து இல்லத்துக்கு மாற்றுவார். போடில் வந்தால் இல்லம் இங்கேயே இருக்கும். சுவரை அடுத்த நான்கு வருடம் கழித்துப் பார்ப்பார்களாம். பார்ப்பார்கள், பார்ப்பார்கள், முழங்கால் அளவு தண்ணீரில் நின்றுகொண்டு பார்ப்பார்கள்.

கண் மங்கியதால் ஓட்டுநர் உரிமத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன், உனக்குத் தெரியும். நகரத்துக்கு ஒரு நாளைக்கு இரண்டே பேருந்து. இப்போது தினமும் பத்து மணிக்கு இங்குள்ள இல்லத்துக்கு நடந்தே போய் அம்மாவுக்குத் தலை வாரிவிடுகிறேன். வேறு யார் வாரினாலும் சீப்பைப் பிடுங்கி எறிகிறாள்.

வியாழக்கிழமை ஊர்க்கூடத்தில் வேட்பாளர் கூட்டம். வழக்கம்போல வறுத்த பன்றி இறைச்சியும் பார்ஸ்லி குழம்பும் போட்டார்கள். சாப்பிட்ட கையோடு எழுந்து கேட்டேன், சுவரும் வேணும், இல்லமும் வேணும், ரெண்டையும் தர ஆள் இல்லையா என்று. ட்ரோல்ஸ் உத்தமமான மனிதர், மழுப்பவில்லை. "ரெண்டும் முடியாதுங்க ஆஸ்கெர். முடியும்னு சொல்றவங்க உங்க கிட்ட பொய் சொல்றாங்க" என்றார். போடில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ரிக்மோர் டீச்சர் கிட்ட படிச்சவ நான். அவங்கள எங்கயும் அனுப்ப மாட்டேன்" என்றாள். சுவரைப் பற்றிக் கேட்டதற்கு சைக்கிள் பாதையைப் பற்றிப் பதில் சொன்னாள். பக்கத்து வீட்டு வெர்னர் விடுவானா? "கவலைப்படாத ஆஸ்கெர், என் பழைய படகத் தர்றேன். வீட்டுக்குள்ளயே துடுப்புப் போட்டுக்கிட்டுக் காப்பி குடிக்கலாம்" என்று கத்தினான். கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து கதவைத் திறந்ததும் அதை யாரிடம் சொல்லிச் சிரிப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் கோட்டைக் கழற்றாமல் நின்றேன்.

எல்லாம் ஒப்பிட்டுப் பேசுவோமே தவிர, கடைசியில் யாருக்குக் குறி போட்டோம் என்று நானும் அம்மாவும் நாற்பத்தாறு வருடத்தில் ஒருமுறைகூடச் சொல்லிக்கொண்டதில்லை. ஒன்றாகப் போவோம், தனித்தனித் திரைக்குள் நுழைவோம், பிறகு காப்பியும் கேக்கும். அந்த மரியாதை எங்களுக்குள் இருந்தது. நேற்று முன்தினம் அது உடைந்தது. தேர்தல் அலுவலர்கள் இரண்டு பேர் இல்லத்துக்கே வந்து முன்கூட்டி வாக்கு வாங்கினார்கள். என்னை வெளியே நிற்கச் சொன்னார்கள். ஆனால் அம்மாவுக்குக் காது மந்தம், சத்தமாகத்தான் கேட்க வேண்டும், அவளும் வகுப்பறைக் குரலில்தான் பதில் சொல்வாள். கதவு என்ன செய்யும்?

"யாருக்கு ஓட்டுப் போடணும், ரிக்மோர்?" என்று அலுவலர்களில் ஒரு பெண் கேட்டாள்.

"லெர்க்கெ" என்றாள் அம்மா.

"அந்தப் பேர்ல யாரும் நிக்கலையேம்மா. பட்டியல ஒரு தடவ பாக்கறீங்களா?"

"நான் ஒரு தடவதான் சொல்வேன். லெர்க்கெ. எழுதிக்கோ."

எழுதினார்கள், உறையில் போட்டு ஒட்டினார்கள். எண்ணும்போது அதைச் செல்லாத வாக்கு என்று ஒதுக்கிவிடுவார்கள். நான் நடைக்கூடத்தில் நின்றபடி அழுதேன், மகளே. ஒளிப்பானேன், கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது. என் பெயர் அவளிடமிருந்து செப்டம்பரிலேயே போய்விட்டது. இப்போது என்னைத் தலைமையாசிரியர் என்று நினைத்து மரியாதையாகப் பேசுகிறாள்.

அன்று வீட்டுக்கு வந்து உன் அறையில் உட்கார்ந்தேன். ஜன்னலுக்கு வசந்தத்தில்தான் வர்ணம் அடித்தேன். உன் பனிச்சறுக்குக் காலணிகள் ஆணியிலேயே தொங்குகின்றன. நீ போய்ப் பதினொரு வருடம், கடைசியாக வந்து ஆறு வருடம். இந்த வீட்டைத் தண்ணீரிலிருந்து காப்பாற்ற வேண்டும் என்று ஏன் இப்படித் துடிக்கிறேன் என்று என்னையே கேட்டுக்கொண்டேன். நீ திரும்பி வருவாய் என்றால் சுவருக்குத்தான் போட வேண்டும். வருவாயா என்று திரையில் கேட்க எனக்கு வாய் வரவில்லை. இந்தக் கடிதம் உன் கைக்குக் கிடைப்பதற்குள் தேர்தலே முடிந்திருக்கும். தெரிந்துதான் கடிதமாக எழுதினேன். உன்னைப் பதில் சொல்ல வைக்க எனக்கு மனமில்லை.

தேர்தலன்று போடிலுக்குப் போடப் போகிறேன். யாரிடமும் சொல்லாதே, அம்மாவிடமே சொல்லவில்லை. ட்ரோல்ஸ் சொல்வது சரி, கடல் ஏறத்தான் போகிறது. ஆனாலும் பத்து மணிக்கு அவளுக்குத் தலை வார ஆள் வேண்டும். வீடு போனால் போகட்டும் என்று எழுதக் கை கூசுகிறது. உன் அறையும் அதில் இருக்கிறதே. என்னை மன்னித்துவிடு.

குழந்தைகளுக்கு என் முத்தங்கள். உங்கள் எல்லாருக்கும் நல்ல சுகமும் நிறைவான வேலையும் அமையட்டும். தண்ணீர் வருவதற்குள் ஒருமுறை வந்துவிட்டுப் போ என்று முடிக்கத்தான் நினைத்தேன். தண்ணீர் வர இன்னும் சில வருடம் ஆகலாம். அம்மாவிடம் உன் பெயர் இருக்கும்போதே வந்துவிடு, லெர்க்கெ.

என்றும் உன்,
அப்பா ஆஸ்கெர்