நூலகத்துக் கிடுகுக் கொட்டில்

18 ஆடி 1961, கிளிநொச்சி

நூலகத்துக்குள் வாசகர்களுக்கு இடம் போதவில்லை என்று பக்கத்தில் தென்னோலைக் கிடுகுக் கொட்டில் போடுவித்தவன் நான்தான். அலுமாரியில் அடங்காத புத்தகங்களும் அங்கேதான் இருக்கின்றன. இன்று மாலை, வயல் செய்யும் கமக்காரர் கந்தையா அண்ணை அதற்குள் சுருட்டோடு பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணை, இதுக்குள்ள சுருட்டுப் பத்தாதேங்கோ."

"ஓம் தம்பி, மறந்துபோனன். அணைக்கிறன்."

நான் உள்ளே போய்விட்டேன். பூட்டும் நேரம் அவர் இரு கையாலும் கும்பிட்டுவிட்டுப் போனார்.

சாப்பிடும்போதுதான் நினைவு வந்தது. குறைச் சுருட்டை அவர் எறிவதில்லை. நாளைக்கு ஆகுமென்று கூரைக் கிடுகில் செருகி வைப்பார். வீட்டிலும் அப்படித்தான்.

அணைத்துத்தான் செருகியிருப்பார். வெளியே சோளகக் காற்று இரைகிறது. கும்பிட்ட கைகளில் சுருட்டு இல்லை.

சைக்கிள் லாம்பை எங்கே வைத்தேன்?